ஜெர்மனியில் எக்ஸ்சேஞ்ச் மாணவராக முதல் வாரம்: எந்தக் காகிதம் முதலில்?

விஜயதசமி நல்ல நாள் என்று அம்மா சொன்னதால் 2025 அக்டோபர் 2ஆம் தேதி சென்னையில் விமானம் ஏறினேன். நாள் நல்ல நாள்தான். ஆனால் மறுநாள் அக்டோபர் 3, ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், நாடு முழுக்க விடுமுறை. அது வெள்ளிக்கிழமை. அடுத்து சனி, ஞாயிறு. இரண்டு பெட்டிகளோடு நான் விடுதி வாசலில் போய் நின்றபோது வியாழன் மாலை ஆறரை மணி. சாவி கொடுக்கவேண்டிய ஹவுஸ்மைஸ்டர், அதாவது விடுதிப் பராமரிப்பாளர், மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார், இனி திங்கள் காலைதான் என்று கதவில் ஒட்டியிருந்த தாளைப் போன் மொழிபெயர்த்துச் சொன்னது. நான்கு இரவு பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் பங்க் கட்டில், 160 யூரோவுக்கு மேல் செலவு. அவர் நேரம் எனக்கு வந்த மின்னஞ்சலின் கடைசி வரியில் இருந்தது. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

சாவி தள்ளிப்போனதில் நான்கு நாள் மட்டும் போகவில்லை. இங்கே ஒரு காகிதம் இருந்தால்தான் அடுத்த காகிதம் கிடைக்கும். அறைச் சாவி வந்தால்தான் வீட்டுச் சான்று, வீட்டுச் சான்று இருந்தால்தான் முகவரிப் பதிவு, பதிவு முடிந்தால்தான் பல வங்கிகளில் கணக்கு, கணக்கு வந்தால்தான் விசாவுக்காக நீங்கள் பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் தரும் முடக்கக் கணக்கு) போட்ட உங்கள் சொந்தப் பணமே கைக்கு வரும். ஒன்று சறுக்கினால் பின்னால் இருப்பதெல்லாம் சறுக்கும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சாக்சனி மாநிலத்தில் ஒரு நடுத்தர நகரத்தில் ஒரு செமஸ்டர் இருந்த அனுபவம் இது. உங்கள் ஊரில் சின்னச் சின்ன மாற்றங்கள் இருக்கலாம், ஆனால் வரிசை மாறாது.

1. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே

முதல் வேலை, காலண்டர் பாருங்கள். திங்கள் அல்லது செவ்வாய் காலையில் ஊர் போய்ச் சேரும்படி டிக்கெட் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடையே திறக்காது. அக்டோபர் 3 போக, சில மாநிலங்களில் அக்டோபர் 31ஆம் தேதியும் விடுமுறை, வேறு சிலவற்றில் நவம்பர் 1. நல்ல நேரம், ராகுகாலம் எல்லாம் வீட்டில் பார்ப்பார்கள். ஹவுஸ்மைஸ்டர் நேரத்தை நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, உங்களுக்கு ஒதுக்கிய பட்டிக்கு (buddy, துணை மாணவர்) எழுதுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு ஒரு உள்ளூர் மாணவரைத் துணையாகத் தருவார்கள். நீங்கள் வர நேரமானால் அவர் உங்கள் சாவியை வாங்கி வைக்க முடியும். அதற்கு ஃபோல்மாக்ட் என்கிற அதிகாரக் கடிதம் ஒன்று வேண்டும்: உங்கள் பெயர், அவர் பெயர், எதற்காக, தேதி, கையெழுத்து. அரைப் பக்கம் போதும். கூடவே பாஸ்போர்ட் நகல் ஒன்று. இதை நான் வந்து சேர்ந்து ஐந்தாவது நாள் தெரிந்துகொண்டேன். என் பட்டி வெள்ளந்தியாகக் கேட்டான், "எனக்கு ஒரு மெயில் போட்டிருக்கலாமே?"

மூன்றாவது, முகவரிப் பதிவுக்கு டெர்மின் வாங்கிவிடுங்கள். டெர்மின் என்றால் அப்பாயின்ட்மென்ட். ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு சொல்தான் கற்றுக்கொண்டு போவேன் என்றால் அது இதுவாக இருக்கட்டும். நகராட்சி இணையதளத்தில் இந்தியாவிலிருந்தே பதிவு செய்யலாம். செமஸ்டர் தொடங்கும் சமயத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு இடமே இருக்காது. தினமும் காலையில் ஒருமுறை பார்த்தால், யாராவது ரத்து செய்த இடம் மாட்டும்.

பிறகு இந்திய சிம், இந்திய வங்கி அட்டை. சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங்கைக் கிளம்பும் முன்பே இயக்கிவிடுங்கள். வெளிநாட்டில் போய் இறங்கியபின் அதை இயக்கக் கேட்டால், அதற்கே ஓடிபி வரும், அந்த ஓடிபி வருவதற்கு ரோமிங் வேண்டும். ரீசார்ஜ் காலாவதி ஆகாமல் வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்து, தினசரி வரம்பையும் உயர்த்தி வையுங்கள்.

காகிதங்கள்: பாஸ்போர்ட், விசா பக்கம், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், விடுதி ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று, பிளாக்டு அக்கவுண்ட் உறுதிக் கடிதம், மார்க்‌ஷீட் நகல்கள், லேர்னிங் அக்ரிமென்ட் (அங்கே என்னென்ன பாடம் படிப்பீர்கள் என்ற ஒப்பந்தம்). எல்லாவற்றையும் அச்செடுத்து இரண்டு செட். ஒன்று கைப்பையில். போனில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். இந்த ஊர் அலுவலகங்களுக்குத் தாள் என்றால் ஒரு தனி மரியாதை.

2. உங்கள் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள்

இது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி, அதனால் தனித் தலைப்பு.

நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பெயர் இனிஷியலாக நிற்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். ஜெர்மன் படிவங்களில் குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. நான் என்ன செய்தேன் என்றால், பல்கலைக்கழகப் படிவத்தில் அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டேன். காப்பீட்டு நிறுவனத்தின் படிவத்தில் என் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டேன். பதிவு அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்து முழுப் பெயரையும் குடும்பப்பெயர் கட்டத்தில் ஏற்றினார்கள். ஆக, ஒரே ஆளுக்கு மூன்று அவதாரம். காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய தகவல் பல்கலைக்கழகக் கணினியில் என் பெயரோடு பொருந்தாமல் எட்டு நாள் அந்தரத்தில் தொங்கியது. அதுவரை என் மாணவர் சேர்க்கை நிறைவாகவில்லை.

செய்யவேண்டியது: பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும் அல்லவா, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அதைப் பாருங்கள். விசாவில் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். அந்த வடிவத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எல்லாப் படிவத்திலும் எழுத்துக்கு எழுத்து அதையே நிரப்புங்கள். சர்நேம் காலியாக இருந்தால், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி, "என்னை எந்தப் பெயரில் ஏற்றியிருக்கிறீர்கள்?" என்று கேட்டு, காப்பீட்டுக்கும் அதையே கொடுங்கள்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது: தபால் பெட்டி. இங்கே அறை எண்ணை நம்பிக் கடிதம் போடமாட்டார்கள். பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கவேண்டும். இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வங்கி அட்டை ஒரு கடிதத்தில், அதன் ரகசிய எண் வேறொரு கடிதத்தில், வரி எண் இன்னொன்றில் என்று முதல் மாதம் முழுக்கத் தபாலாகத்தான் வரும். சாவி வாங்கிய அன்றே ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதி டேப் போட்டு ஒட்டுங்கள். பிறகு ஹவுஸ்மைஸ்டர் முறைப்படி பலகை வைப்பார்.

3. இறங்கிய நாள்

விமான நிலையத்திலிருந்து உங்கள் ஊருக்கு ரயில். மலிவான ஸ்பார்ப்ரைஸ் டிக்கெட் முன்பே எடுத்தால் குறிப்பிட்ட அந்த ரயிலில் மட்டும்தான் போகலாம். விமானம் தாமதமானால் டிக்கெட் வீண். அதனால் தரையிறங்கும் நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் இடைவெளி விட்டு எடுங்கள், அல்லது எந்த ரயிலிலும் போகக்கூடிய ஃப்ளெக்ஸ்ப்ரைஸ் எடுங்கள். விலை அதிகம், நிம்மதி உண்டு. ரயிலே தாமதமாகி, நீங்கள் ஊர் சேர 20 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால், அந்தக் கட்டுப்பாடு தானாக நீங்கிவிடும், அடுத்த ரயிலில் ஏறலாம். ஜெர்மன் ரயில் என்றால் நொடி பிசகாது என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. வந்து பாருங்கள்.

கையில் 150 முதல் 200 யூரோ ரொக்கம் வேண்டும். யுபிஐ இங்கே கடைகளில் செல்லாது. சின்ன பேக்கரிகளில் இன்னமும் ரொக்கம் மட்டும்தான் வாங்குவார்கள்.

உணவுப் பெட்டி பற்றி ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுவரத் தடை. நெய், பால்கோவா எல்லாம் இதில் சேரும். சுங்கத்தில் பெட்டியைத் திறந்தால் குப்பைக்குப் போகும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள், எனவே அதையும் விடுங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வற்றல், ஊறுகாய் இவற்றால் எனக்குச் சிக்கல் வரவில்லை. ஊறுகாயை மூன்று கவரில் சுற்றுங்கள். என் சட்டைகள் இரண்டு மாதம் ஆவக்காய் மணத்தோடுதான் வகுப்புக்கு வந்தன.

4. அறை: சாவி, கட்டில், கதவு

சாவி வாங்கும்போதே மூன்று காரியம். ஒன்று, அறையின் நிலையைக் குறிக்கும் படிவத்தைக் கவனமாக நிரப்புங்கள். மேஜையில் கீறல், சுவரில் கறை, ஜன்னல் கைப்பிடி ஆட்டம், எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத் தேதியோடு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கவுட்சியோன் என்கிற முன்பணம் திரும்பி வருவது இதைப் பொறுத்தது. சட்டப்படி இது மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக்கூடாது. மாணவர் விடுதிகளில் பொதுவாகக் குறைவுதான், என்னிடம் 400 யூரோ வாங்கினார்கள்.

இரண்டு, வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். "இந்த ஆள் இந்தத் தேதியில் என் வீட்டில் குடியேறினார்" என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் ஒரு பக்கச் சான்று. வாடகை ஒப்பந்தம் வேறு, இது வேறு. ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகம் போனால் திருப்பி அனுப்புவார்கள். என் விடுதிக்காரர் ஒருவர் அப்படிப் போய்த் திரும்பி வந்து, அடுத்த டெர்மினுக்குப் பதினேழு நாள் காத்திருந்தார். இந்தச் சான்றைத் தருவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. தனியார் வீட்டில் வாடகைக்குப் போகிறவர்கள், பணம் அனுப்பும் முன்பே "இது தருவீர்களா?" என்று எழுத்தில் கேளுங்கள். "பதிவு செய்யவேண்டாம், வாடகை குறைவு" என்று சொல்லும் இடத்தை ஒதுக்கிவிடுங்கள்.

மூன்று, கதவு. இங்கே அறைக் கதவைச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். வெளியே திருகுவதற்குக் கைப்பிடி இருக்காது, ஒரு குமிழ்தான். குப்பை போட, துணி எடுக்க, பக்கத்து அறையில் உப்பு வாங்கப் போனாலும் சாவி சட்டைப் பையில் இருக்கவேண்டும். நான் இரண்டாம் நாள் இரவு பனியனும் லுங்கியுமாகக் குப்பைப் பையோடு வெளியே நின்றேன். அக்டோபர் மாதம், 6 டிகிரி. இரவில் பூட்டுத் திறப்பவரைக் கூப்பிட்டால் நூற்றுக்கணக்கில் யூரோ கேட்பார்கள். இணையத்தில் முதலில் வரும் விளம்பர எண்ணைக் கூப்பிடாதீர்கள். விடுதியின் அவசர எண் எது என்று முதல் நாளே கேட்டு, போனிலும் ஒரு நண்பரிடமும் வைத்திருங்கள். அன்று எனக்குப் பக்கத்து அறையில் இருந்த சிரியா நாட்டு மாணவர் தன் ஜாக்கெட்டைக் கொடுத்து, சமையலறை சோபாவில் படுக்க வைத்தார்.

அறையில் கட்டிலும் மெத்தையும் இருக்கும். தலையணை, போர்வை, விரிப்பு இருக்காது. முதல் இரவுக்கு ஒரு மெல்லிய போர்வை பெட்டியில் இருக்கட்டும். மற்றதை 50, 60 யூரோவுக்கு இங்கே வாங்கிக்கொள்ளலாம், அல்லது போகிற மாணவர்களிடம் பழையது கிடைக்கும். நம் ஊர் இரண்டு முனை சார்ஜர் பெரும்பாலும் இங்கே பொருந்தும். மூன்று முனை பிளக் பொருந்தாது, அடாப்டர் தேவை.

குக்கர் கொண்டுவருகிறவர்கள் விடுதியில் அடுப்பு என்ன வகை என்று கேட்டுவிடுங்கள். கண்ணாடித் தட்டு போட்ட சாதாரண மின்னடுப்பு என்றால் அலுமினியக் குக்கர் வேலை செய்யும். இண்டக்‌ஷன் என்றால் அதற்கான அடி உள்ள ஸ்டீல் குக்கர்தான். அப்புறம் தாளிப்பு. சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தாளியுங்கள். நாம் வழக்கப்படி கதவைத் திறந்து வைப்போம், மிளகாய்ப் புகை நடைபாதைக்குப் போகும், அங்கே இருக்கும் புகை அலாரம் அலறும், ஆறு மாடியும் கீழே இறங்கி நிற்கும். எங்கள் மாடியில் "இந்தியத் தாளிப்பு" என்பது ஒரு தனி எச்சரிக்கைச் சொல்லாகவே ஆகிவிட்டது.

5. அன்மெல்டுங்: முகவரிப் பதிவு

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகரப் பதிவு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதுதான் அன்மெல்டுங். கட்டணம் கிடையாது. தேவைப்படுவது: பாஸ்போர்ட், நிரப்பிய படிவம், வீட்டுச் சான்று. பத்து நிமிட வேலை. இரண்டு வாரத்துக்குள் டெர்மின் கிடைக்காவிட்டால் பதற வேண்டாம், கிடைத்த தேதியைப் பதிந்து அந்த உறுதி மின்னஞ்சலை வைத்திருங்கள். முயற்சியே செய்யாமல் இருந்தால்தான் அபராதம், சட்டப்படி 1000 யூரோ வரை போகலாம்.

படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ எழுதினால், பின்னால் வரி கட்டும் அளவுக்கு வேலை பார்க்கும்போது தேவாலய வரியும் சேரும், வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காடு. பொய் எழுதச் சொல்லவில்லை. எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்து எழுதுங்கள் என்கிறேன்.

வெளியே வரும் முன் பதிவு உறுதித் தாளில் பெயர், பிறந்த தேதி, அறை எண் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே திருத்திவிடுவார்கள். மறுநாள் போனால் மறுபடியும் டெர்மின்.

உங்கள் விசா எத்தனை நாளுக்கு என்று இப்போது பாருங்கள். ஒரு செமஸ்டர் மாணவர்களில் சிலருக்கு முழுக் காலத்துக்கும் விசா வந்துவிடும். மூன்று மாதம்தான் என்றால், தொடர்ந்து தங்கும் அனுமதிக்காக வெளிநாட்டவர் அலுவலகத்துக்கான விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே போடுங்கள். விசா காலாவதி ஆவதற்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். முதல் அனுமதி அட்டைக்கு 100 யூரோ. சென்னையில் எடுத்த பயோமெட்ரிக் போட்டோ அங்கே செல்லாது. 2025 மே மாதத்திலிருந்து டிஜிட்டல் படம்தான் வாங்குகிறார்கள், அலுவலகத்திலேயே இயந்திரத்தில் எடுத்தால் 6 யூரோ. நான் கொண்டுபோன பன்னிரண்டு போட்டோவும் அப்படியே இருக்கின்றன, யாருக்காவது வேண்டுமா?

6. காப்பீடு, சேர்க்கை

மருத்துவக் காப்பீடு இல்லாமல் சேர்க்கை இல்லை. 30 வயதுக்கு உட்பட்ட மாணவர்கள் அரசுக் காப்பீட்டில் மாணவர் விகிதத்தில் சேரலாம், மாதம் ஏறத்தாழ 140 முதல் 150 யூரோ. இந்தியாவிலிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். காப்பீட்டு நிறுவனம் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு உங்கள் காப்பீட்டு நிலையைச் சொல்லும் எம்10 என்ற தகவலை நேரடியாக மின்வழியில் அனுப்பும். "எம்10 போய்விட்டதா?" என்று அவர்களிடமே கேளுங்கள். பெயர் பொருந்தாத என் கதை இங்கேதான் நடந்தது.

விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடு, வந்து சேரும் நாள்களுக்கு மட்டும்தான். ஏஜென்டுகள் மாதம் 30, 40 யூரோவுக்குத் தனியார் திட்டம் காட்டுவார்கள். அதை எடுக்க அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கவேண்டும், விலக்கு வாங்கிவிட்டால் அந்தப் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது. பல்லுக்கோ பழைய நோய்க்கோ அந்த மலிவுத் திட்டத்தில் எவ்வளவு தருவார்கள் என்று சின்ன எழுத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் அரசுக் காப்பீட்டில்தான் இருந்தேன், நவம்பரில் காது வலி வந்தபோது அட்டையை நீட்டினேன், வேலை முடிந்தது.

எக்ஸ்சேஞ்ச் மாணவருக்குக் கல்விக் கட்டணம் பொதுவாக இல்லை. ஆனால் செமஸ்டர்பைட்ராக் என்று ஒரு தொகை உண்டு. ஊருக்கு ஊர் மாறும், பல இடங்களில் 200, 300 யூரோ அளவில் வரும். அனுப்பும்போது அவர்கள் கொடுத்த குறிப்பு எண்ணை அப்படியே போடுங்கள், இல்லாவிட்டால் பணம் யாருடையது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

நம் கல்லூரியில் அரைவல் சர்டிபிகேட், அதாவது வந்து சேர்ந்ததற்கான சான்று, கேட்பார்கள். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதல் நாளே கையெழுத்து வாங்குங்கள். லேர்னிங் அக்ரிமென்டில் எழுதிய பாடங்களில் ஒன்றிரண்டு இந்த செமஸ்டரில் நடக்காது என்று வந்தபின் தெரியும். கிரெடிட் குறைந்து ஊர் போய் அல்லாடாமல் இருக்க, மாற்றுப் பாடத்துக்கு நம் ஊர்த் துறைத்தலைவரின் ஒப்புதலை முதல் வாரத்திலேயே மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் "ஓகே பா" என்று வந்த பதில் செல்லாது, அனுபவம். ஜெர்மன் மொழி வகுப்புக்கான பதிவு திறந்த சில நிமிடங்களில் நிரம்பிவிடும், திறக்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள்.

7. வங்கியும் பிளாக்டு அக்கவுண்டும்

பிளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ கணக்கு, மாதம் 992 யூரோ. ஒரு செமஸ்டருக்கு வருகிறவர்களுக்குத் தங்கும் மாதங்களுக்கு ஏற்ப. அந்த 992, நீங்கள் கிரோகோண்டோ எனும் சாதாரணக் கணக்கைத் திறந்து அதன் ஐபான் எனும் சர்வதேசக் கணக்கு எண்ணைக் கொடுத்தபின்தான் வரும். கணக்குக்குப் பாஸ்போர்ட், பதிவு உறுதித் தாள், மாணவர் சேர்க்கைச் சான்று கேட்பார்கள். வரி எண்ணைப் பிறகு கொடுக்கலாம். மாணவர் கணக்கு பல வங்கிகளில் இலவசம், ஆனாலும் மாதக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

எனக்கு முதல் 992 வந்தது நவம்பர் 4. அதுவரை ஒரு மாதத்துக்கு மேல் ஊரிலிருந்து கொண்டுவந்த ஃபாரெக்ஸ் அட்டைதான். வாடகை 290, கவுட்சியோன் 400, செமஸ்டர்பைட்ராக் 280, காப்பீடு, படுக்கை, சாப்பாடு, அந்த ஹாஸ்டல் தண்டம் எல்லாம் சேர்த்து 1500 யூரோவைத் தாண்டிவிட்டது. "மாதா மாதம் 992 வருமே" என்று 300 யூரோவோடு வந்த நண்பர் ஒருவர் எல்லோரிடமும் கடன் வாங்கினார். குறைந்தது 1500 யூரோ கையாளும்படி வாருங்கள்.

சிம் கார்டு: சூப்பர்மார்க்கெட்டிலேயே ப்ரீபெய்ட் 10 யூரோவுக்குக் கிடைக்கும். ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாளம் உறுதி செய்தால்தான் இயங்கும். வீடியோ அழைப்பில் செய்ய முடியாவிட்டால் தபால் நிலையத்தில் செய்யலாம். இரண்டாண்டு ஒப்பந்த சிம் பக்கம் போகாதீர்கள்.

8. டிக்கெட், கடை, குப்பை

டாய்ச்லாண்ட்டிக்கெட் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில்களில் செல்லும். ஐசிஇ, ஐசி எனும் தொலைதூர விரைவு ரயில்களில் செல்லாது. பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் டிக்கெட்டாக இது 60 விழுக்காடு விலையில் அந்த செமஸ்டர்பைட்ராக் தொகையோடு சேர்ந்தே வந்துவிடும், எனவே தனியாக வாங்கும் முன் கேளுங்கள். தனியாக வாங்கினால் அது சந்தா. மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போகும். டிக்கெட் இல்லாமல் மாட்டினால் 60 யூரோ. "புதுசாக வந்தேன், தெரியாது" என்பதை அவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

சனிக்கிழமையே ஞாயிற்றுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மறந்தால் பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி. தண்ணீர் பாட்டில், கேன் எல்லாவற்றுக்கும் ஃபாண்ட் என்று முன்பணம் சேர்த்து வாங்குவார்கள், ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட். காலிப் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் ரசீது வரும். நசுக்கிவிடாதீர்கள், இயந்திரம் வாங்காது. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், நான் ஒரு மாதம் பாட்டில் சுமந்து முதுகு வலித்தபின் நம்பினேன்.

அரிசி, துவரம்பருப்பு ஏசியா கடைகளில் கிடைக்கும். டோர்ட்முண்ட், எசன் பக்கம் படிக்கப் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அங்கே ஈழத்தமிழர் கடைகளில் இடியாப்ப மாவு முதல் முருங்கைக்காய்வரை உண்டு. எங்கள் ஊரில் ஒரு கட்டு கொத்தமல்லிக்கே அலையவேண்டும்.

இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. அவசரத்துக்கு 112, போலீஸ் 110, உயிருக்கு ஆபத்தில்லாத உடல்நலக் குறைவுக்கு, மருத்துவர் மூடிய நேரத்தில், 116117.

9. இரண்டாம் வாரத்திலிருந்து வரும் கடிதங்கள்

பதிவு முடிந்ததும் வரி எண் கடிதம் வரும். பத்திரப்படுத்துங்கள், பகுதிநேர வேலைக்கு அதைத்தான் கேட்பார்கள்.

கூடவே ருண்ட்ஃபுங்க்பைட்ராக் கடிதமும் வரும். பொது ஒலிபரப்புக்கான கட்டணம், மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்கு 55.08 ஆகக் கேட்பார்கள். டிவி இல்லையே, ரேடியோ இல்லையே என்று தூக்கிப் போடாதீர்கள். டிவிக்கு அல்ல, வீட்டுக்குத்தான் அந்தக் கட்டணம். ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்கிறவர்களில் ஒருவர் கட்டினால் போதும். அவருடைய கட்டண எண்ணை வாங்கிப் பதில் எழுதினால் உங்கள் கணக்கு முடிந்தது. நீளமான நடைபாதையில் தனித்தனி அறை உள்ள விடுதிகளில் ஒவ்வொரு அறையும் தனி வீடாகக் கொள்ளப்படலாம். உங்கள் விடுதி எந்த வகை என்று பழைய மாணவர்களைக் கேளுங்கள். பதில் எழுதாமல் விட்டால் நினைவூட்டல், அதற்குத் தாமதக் கட்டணம் என்று வளரும்.

கடைசியாக, இப்போதே போன் காலண்டரில் ஒரு நாளைக் குறியுங்கள்: ஊர் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பு. அப்மெல்டுங் எனும் பதிவு நீக்கத்தை அதற்குமுன் செய்ய விடமாட்டார்கள். அந்தத் தாள் இருந்தால்தான் காப்பீட்டையும் ஒலிபரப்புக் கட்டணத்தையும் நிறுத்த முடியும். வங்கிக் கணக்கை மட்டும் அன்றே மூடிவிடாதீர்கள். கவுட்சியோன் அறையைப் பார்த்து, கணக்குப் போட்டு, பல வாரம் கழித்துத்தான் வரும். என் 400 யூரோ நான் ஊர் வந்து ஏழாவது வாரம் வந்தது, ஜன்னல் கைப்பிடிக்கு 12 யூரோ பிடித்துக்கொண்டு. அந்தக் கைப்பிடியை மட்டும் நான் போட்டோ எடுக்க மறந்திருந்தேன்.